தாய்ப்பாலில் நச்சு: கருவறைக்கு ஒரு வழி, பாலுக்கு இன்னொரு வழி

2025 நவம்பரில் பீகாரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே 40 பாலூட்டும் தாய்மார்களிடம் எடுத்த பால் மாதிரிகள் அனைத்திலும் யுரேனியம் இருந்தது. அதிகபட்ச அளவு லிட்டருக்கு 5.25 மைக்ரோகிராம். இப்படிப்பட்ட செய்திகளில் தலைப்பு மட்டுமே வேகமாகப் பரவும். சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் வாடையோடு வாழும் கடலூர்க்காரருக்கும், ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் புதுச்சேரிக்காரருக்கும் அதைப் படித்ததும் இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. பீகாரில் அப்படியென்றால் இங்கே எப்படி? குழந்தைக்குப் பாலை நிறுத்திவிடலாமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒரே சொல்: கூடாது. அந்த ஆய்வைச் செய்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். முதல் கேள்விக்கு நிதானமாகத்தான் பதில் சொல்ல முடியும். தாயின் உடம்பிலிருந்து குழந்தைக்கு நச்சு போக இரண்டு வழிகள் உண்டு: ஒன்று நஞ்சுக்கொடி, இன்னொன்று பால். எல்லா நச்சும் இரண்டு வழியிலும் ஒரே மாதிரி போவதில்லை. பெரும்பாலானவற்றில் பெரிய சேதம் முதல் வழியில், குழந்தை பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. செய்திகளில் பழி விழுவதோ இரண்டாவது வழியின் மேல்.

‘இருக்கிறது’ என்பதும் ‘கெடுக்கிறது’ என்பதும்

ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றால், 10,000 லிட்டர் டேங்கர் லாரித் தண்ணீர் முழுவதிலும் கரைந்திருப்பது 10 மில்லிகிராம். ஓர் அரிசிமணியின் எடையில் ஏறக்குறையப் பாதி. இன்றைய கருவிகள் இந்த அளவையும் பிடித்துவிடும். ஆகவே ‘பாலில் கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற வரி கருவியின் திறமையைச் சொல்கிறதே தவிர, குழந்தையின் நிலையைச் சொல்வதில்லை.

குழந்தையைப் பற்றித் தெரிய வேண்டுமானால் கணக்குப் போட வேண்டும்:

1. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி குடிக்கிறது.
2. பீகாரில் கிடைத்த உச்ச அளவையே எடுத்துக்கொண்டால் 5.25 × 0.75 = ஏறக்குறைய 4 மைக்ரோகிராம் யுரேனியம் ஒரு நாளில் உள்ளே போகும்.
3. குடிநீரில் யுரேனியத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் இந்தியத் தர நிர்ணயமும் வைத்துள்ள எல்லை லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். இந்த எல்லையைத் தொடும் தண்ணீரில் பால் பவுடர் கலக்கி அதே 750 மில்லியைக் கொடுத்தால் உள்ளே போவது 22 மைக்ரோகிராமுக்கும் மேல்.

பாலை நிறுத்தி டின்னுக்கு மாறும் தாய், நச்சு இருக்கும் அதே தண்ணீரைக் குழந்தைக்கு நேராகப் புகட்டுகிறாள். தன் உடம்பு வடிகட்டிக் கொடுத்த வடிவத்தைக் கைவிட்டு, வடிகட்டாத வடிவத்துக்குப் போகிறாள். அந்த ஆய்வு 70 சதவீதக் குழந்தைகளுக்குப் புற்றுநோய் அல்லாத பாதிப்புக்கான வாய்ப்பு உண்டு என்று கணக்கிட்டது உண்மை. ஆனால் அது பாதுகாப்பு வரம்பை வைத்துப் போட்ட மதிப்பீடு. அந்தக் குழந்தைகளுக்கு நோய் இருந்தது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

நஞ்சுக்கொடி எதைத் தடுக்கும், எதை விடும்

பெயரிலேயே நஞ்சு இருக்கிறது. ஆனாலும் நஞ்சைத் தடுக்கும் சுவர் என்று அதை நெடுங்காலம் மருத்துவ உலகமே நம்பியிருந்தது. ஜப்பானின் மினமாட்டா அந்த நம்பிக்கையை உடைத்தது. 1956-இல் அங்கே வெளிப்பட்ட பாதரச நோயில், தாய்க்கு அறிகுறி மிகக் குறைவாக இருக்க, அவள் பெற்ற குழந்தை கடுமையான மூளைப் பாதிப்போடு பிறந்தது. தாயின் பாதரசத்தில் ஒரு பங்கைக் குழந்தை வாங்கிக்கொண்டிருந்தது. அதை எப்படி உறுதி செய்தார்கள்? காய்ந்த தொப்புள்கொடியைப் பெட்டியில் பத்திரப்படுத்தும் வழக்கம் ஜப்பானியருக்கு உண்டு. நம் ஊரில் தாயத்துக்குள் அடைத்து இடுப்பில் கட்டுவதுபோலத்தான். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கொடிகளைச் சோதித்தபோது பாதரசம் அப்படியே இருந்தது.

பொருளுக்குப் பொருள் கதை மாறுகிறது.

மீத்தைல் பாதரசம்: மீன் வழியாக வரும் வடிவம் இது. உடம்புக்குள் ஓர் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு, தேவையான சத்துப் பொருள்போல வேடமிடுகிறது. நஞ்சுக்கொடி அதைச் சத்து என்று நினைத்து வலிய இழுத்து உள்ளே விடுகிறது. அதனால் தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் அளவு தாயின் இரத்தத்தைப் போலச் சராசரியாக 1.7 மடங்கு.

காரீயம்: தடையே இல்லாமல் கடக்கும். கொடி இரத்தத்தில் தாயின் அளவில் 80 முதல் 90 சதவீதம் இருக்கும். இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை.

காட்மியம்: இந்த உலோகத்தை நஞ்சுக்கொடி பெருமளவு தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல செய்திபோலத் தோன்றும். ஆனால் பிடித்து வைத்த காட்மியம் அங்கே துத்தநாகத்தின் போக்குவரத்தைக் கெடுக்கிறது; குழந்தையின் வளர்ச்சி குறைகிறது. புகையிலைதான் இதன் பெரிய மூலம்.

கார்பன் மோனாக்சைடு: விறகுப் புகையிலும் வாகனப் புகையிலும் இருப்பது. கருவின் இரத்தம் இதைத் தாயின் இரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், விடுவதும் மெதுவாகத்தான். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் டைகுளோரோமீத்தேன் என்ற திரவத்தின் ஆவியை நுகர்ந்தால், உடம்பே அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நுண்துகள்: பெல்ஜியத்தில் 2019-இல் வெளியான ஆய்வில், நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கத்திலேயே கரித்துகள்கள் காணப்பட்டன. இத்தாலியில் 2021-இல் ஆறு நஞ்சுக்கொடிகளைப் பார்த்து நான்கில் நுண்பிளாஸ்டிக் கண்டார்கள். அடுத்த ஆண்டு 34 தாய்மார்களின் பாலைப் பார்த்து 26 பேரிடம் கண்டார்கள். பிளாஸ்டிக் துகள் குழந்தையை என்ன செய்கிறது என்பதற்கு அந்த ஆய்வுகள் பதில் தேடவில்லை. நுண்பிளாஸ்டிக் செய்தியைப் படித்து ஒரு தாய் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. காரீயத்துக்கும் பாதரசத்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

காலக்கணக்கும் முக்கியம். உறுப்புகள் உருவாவது கருத்தரித்த மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழல் 28-ஆம் நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், கிட்டில் கோடு பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவு செய்யும்போது இந்தக் கட்டத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். ‘மாசமாக இருக்கிறாள், இனிமேல் கவனமாக இருப்போம்’ என்பது பல பொருட்களுக்குத் தாமதமான தொடக்கம். மூளை வளர்ச்சி மட்டும் கடைசி வாரம் வரையிலும், பிறந்த பிறகும் நீள்வதால், காரீயம், பாதரசம் இரண்டிலும் எந்த மாதத்தில் தொடங்கும் கவனமும் வீண்போகாது.

பாலில் எது இறங்கும்

பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம். அந்தக் கொழுப்பில் கரையக்கூடியதே பாலில் எளிதாக இறங்கும். இதை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

1. கொழுப்பில் கரைந்து, உடம்பில் பல ஆண்டுகள் தங்குபவை. டி.டி.டி., பி.எச்.சி. என்ற பழைய பூச்சிமருந்துகள், எரிப்பில் உண்டாகும் டையாக்சின், பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பி.சி.பி. போன்றவை. தாய் பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்தது கொழுப்போடு கரைந்து பாலில் வரும். ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் அவள் உடம்பில் இருப்புக் குறைகிறது. அதனால் மூத்த பிள்ளைக்குப் போவது அதிகம், இளையவற்றுக்குக் குறைவு.

2. உலோகங்கள். இவை கொழுப்பை நாடுவதில்லை. தாயின் இரத்தத்தில் உள்ள காரீயத்தில் பாலுக்கு வருவது பெரும்பாலும் 3 சதவீதத்துக்கும் கீழே. ஆர்செனிக்கும் பாலில் மிகக் குறைவாகவே இறங்குகிறது. கருவறைக்குள் வாயிலைத் திறந்துவிட்ட மீத்தைல் பாதரசம்கூடப் பால் வழியில் சற்றே அடங்கிப்போகிறது.

3. ஆவியாகும் கரைப்பான்கள். பென்சீன், டொலுயீன் போன்றவை. பாலில் வரும், ஆனால் தாய் அந்தக் காற்றை விட்டு விலகினால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் குறைந்துவிடும். சேர்த்துவைக்கும் இயல்பு இவற்றுக்கு இல்லை.

தாய்ப்பாலே குழந்தைகளைக் கொன்ற நிகழ்வு உலகில் நடந்திருக்கிறது. 1950-களின் பிற்பாதியில் துருக்கியில், விதைக்கென்று ஹெக்சாகுளோரோபென்சீன் என்ற பூஞ்சைக்கொல்லி பூசிய கோதுமையைப் பஞ்சத்தில் மாவாக்கி உண்டார்கள். அந்தத் தாய்மாரின் பாலைக் குடித்த ஏராளமான கைக்குழந்தைகள் இறந்தன. ஆனால் அங்கே தாய்மார்கள் நச்சை உணவாகவே மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தார்கள். அவர்களுக்கே நோய் கண்டிருந்தது. ஊர்ச் சூழலில் சேரும் அளவுக்கும் அதற்கும் இடையே பெரும் தூரம்.

தடை போட்டால் பால் சுத்தமாகும் என்பதற்கு ஸ்வீடன் சாட்சி. பல பத்தாண்டுகளாகப் பாலைச் சேகரித்து அளந்த அந்த நாட்டில், தடைக்குப் பிறகு டி.டி.டி. அளவு தொடர்ந்து இறங்கியது. அதே பாலில், சோபாவிலும் டிவி பெட்டியிலும் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் சேர்மங்கள் 1972 முதல் 1997 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டிருந்தன. பாலைத் தொடர்ந்து அளந்ததால்தான் இது வெளியே தெரிந்தது.

நம் வயலிலிருந்து கிளம்பியது

பி.எச்.சி. பவுடரை நெல்வயலில் தூவிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அது எங்கே போனது என்பதை உலகம் தெரிந்துகொண்டது கடலூர் மாவட்டத்தில்தான். 1990-ஐ ஒட்டி, வெள்ளாற்றுப் படுகையில், பரங்கிப்பேட்டைப் பக்கம், அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜப்பானிய ஆய்வாளர்களும் அதைப் பின்தொடர்ந்தார்கள். வயலில் இட்டதில் 99 சதவீதத்துக்கும் மேல் வெயிலில் ஆவியாகிக் காற்றில் போயிருந்தது. ஆற்றுமுகத்துக்கு வடிந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வெப்பநாட்டு வயல் ஒரு வாணலிபோல வேலை செய்திருக்கிறது.

விவசாயத்தில் டி.டி.டி.க்கு 1989-இலும், பி.எச்.சி.க்கு 1997-இலும், அதன் தூய வடிவமான லிண்டேனுக்கு 2013-இலும் இந்தியாவில் தடை வந்தது. எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இன்று கருவுறும் பெண்களில் பலர் 1997-க்குப் பின் பிறந்தவர்கள்; அவர்கள் உடம்பில் இந்தப் பழைய கூட்டம் தாயைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு. இப்போது தெளிக்கும் மருந்துகள் பெரும்பாலும் உடம்பில் தங்காதவை. பாலைப் பொறுத்தவரை அது ஆறுதல். ஆனால் குளோர்பைரிபாஸ் போன்றவை கருவின் வளரும் மூளையைத் தாக்கக்கூடியவை. தெளித்த வயலில் இறங்கி நடவோ களையோ செய்யும் கர்ப்பிணிக்கும், மருந்தடித்துவிட்டு வந்தவரின் வேட்டியையும் சட்டையையும் வெறுங்கையால் துவைக்கும் கர்ப்பிணிக்கும் அது தோல் வழியாகவே போகும். அந்தத் துணியை வேறு துணியோடு சேர்க்காமல், மருந்தடித்தவரே துவைப்பதுதான் முறை.

சிப்காட் காற்று

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி, 1980-களில் எழுந்த தொழிற்பேட்டை. சாயம், மருந்து, பூச்சிமருந்து, வேதிப்பொருள் ஆலைகள். அவற்றுக்கு இடையிலேயே குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி போன்ற ஊர்கள். 2004-இல் அந்த ஊர்க்காரர்களே வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். 22 வேதிப்பொருட்கள் இருப்பதாக முடிவு வந்தது, அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட குறியீட்டில் கடலூருக்கு 77.45, 70-ஐத் தாண்டினால் ‘மிக மோசமாக மாசடைந்த பகுதி’. 2025 மே மாதம் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து குடிகாட்டு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

வாடையை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டைக்கோசு என்றால் மெர்காப்டன். நெயில் பாலிஷ், பெயிண்ட் வாசம் என்றால் கரைப்பான்கள். சில எச்சரிக்கைகள்:

1. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றது வாயு போய்விட்டதற்கு அடையாளமில்லை.
2. ஈரத்துணி நீரில் கரையும் வாயுக்களைக் கொஞ்சம் பிடிக்கும். கரைப்பான் ஆவியைப் பிடிக்காது. துணி மாஸ்க், என்95 இரண்டும் துகளுக்கானவை, வாயுவுக்கானவை அல்ல.
3. இரவில் காற்று அசையாமல் நிற்கும்போது வாயு தரையை ஒட்டித் தேங்கும். காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போவதே சரி. காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும்.
4. மயக்கம், வாந்தி, தலைவலி இருந்தால் கர்ப்பிணி ‘சரியாகிவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன வாடை என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேஸ் சீட்டில் எழுதச் செய்வது நல்லது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதும் புகாருக்கும் அதுவே ஆதாரம்.

அடுப்பங்கரைப் புகையும் பிறப்பு எடையும்

2,500 கிராமுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு; 37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். பி.எம். 2.5 எனும் நுண்துகள் இரண்டையும் கூட்டுகிறது. தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வு, கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் சராசரிப் பிறப்பு எடை 4 கிராம் குறைகிறது என்றது. ஒரு குழந்தைக்கு 4 கிராம் என்பது ஒன்றுமில்லை. ஊர் முழுவதற்கும் வரும்போதுதான், எல்லைக்கோட்டில் நிற்கும் குழந்தைகள் கோட்டுக்குக் கீழே விழுகின்றன.

விறகை விட்டுக் கேஸுக்கு மாறினால் எடை கூடிவிடுமா? நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில் நம் பக்கத்து நாகப்பட்டினமும் கள்ளக்குறிச்சியும் இருந்தன. விறகிலேயே நின்றவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம், கேஸ் அடுப்பு பெற்றவர்கள் சுவாசித்தது 24. பிறப்பு எடையிலோ 20 கிராம் அளவே வித்தியாசம். தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். 9 வாரம் முதல் 20 வாரம் வரை ஆனபின் அடுப்பு வந்தது. அதற்குள் நஞ்சுக்கொடி உருவாகிவிட்டது என்பது சாத்தியமான ஒரு விளக்கம். கேஸ் வீண் என்று இதைப் படிப்பது தவறு. முந்தி வர வேண்டும் என்று படிப்பதே பொருந்தும்.

கேஸ் வந்த வீட்டிலும் புகை போகவில்லை. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஓர் அளவீடு உண்டு. பிள்ளை பெற்ற அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுருள் ஏற்றுவதும், குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகையில் குழந்தையின் தலையைக் காட்டுவதும் நல்லெண்ணத்தில் செய்யும் தப்பு. கொசுவலையும், உலர்ந்த பருத்தித் துண்டும் அந்த இரண்டு வேலையையும் செய்துவிடும்.

பால்சுறாக் கணக்கு

தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பார்கள். புதுச்சேரிக் குப்பங்களிலும் அப்படித்தான். சுறா கடலில் மற்ற மீனைத் தின்று வாழ்வது. ஒவ்வொரு படியிலும் பாதரசம் கூடிக்கொண்டே போய் அதில் சேர்கிறது.

வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மீத்தைல் பாதரசம் என்பது சர்வதேச எல்லை. கருவைக் காக்கவே அந்த எண் வைக்கப்பட்டது. 55 கிலோ பெண்ணுக்கு 88 மைக்ரோகிராம். அமெரிக்க உணவுத் துறை வெளியிட்ட சராசரியில் சுறாவில் கிலோவுக்கு 0.979 மில்லிகிராம், மத்தியில் 0.013. அப்படியானால்:

1. சுறாவில் 90 கிராமிலேயே வார எல்லை முடிந்துவிடும். ஒரு கிண்ணம் புட்டு.
2. மத்தியில் அந்த எல்லையைத் தொட 6 கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்.

இவை அந்நாட்டுக் கடலின் எண்கள். பால்சுறா சிறிய இனம் என்பதால் பெருஞ்சுறாவைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் விகிதம் தலைகீழாகிவிடாது. நெத்திலி, மத்தி, காரப்பொடி, சங்கரா ஆகியவை கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் ஏற்றவை. அவற்றின் கொழுப்பு குழந்தையின் மூளைக்கு நல்லது என்பதால் மீனையே விட்டுவிடுவதும் நட்டம்தான். சுறா, மயில்கோலா, பெரிய சூரை மூன்றையும் கருவுறத் திட்டமிடும் காலத்திலிருந்தே தள்ளிவைப்பது நல்லது. பிரசவத்துக்குப் பின் ஒரு முறை புட்டு சாப்பிட்டுவிட்டதற்காக யாரும் பயப்படத் தேவையில்லை. கருவறைக் கட்டம் அப்போது முடிந்துவிட்டது. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு ஆசையாக ஊட்டுவதுதான் கவலை தருவது.

ஈயச்சொம்பும் எலும்பில் உறங்கும் காரீயமும்

ரசத்துக்கு ஈயச்சொம்பு வேண்டும் என்பார்கள். அது வெள்ளீயமாக இருந்தால் தொல்லையில்லை. கடையில் காரீயம் கலந்து வந்தால், புளியும் தக்காளியும் அதைக் கரைத்து இறக்கும். வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம்:

1. சொம்பை உலர்த்திச் சமையல் தராசில் எடை பாருங்கள். 730 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.
2. தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.
3. சொம்பை நூலில் கட்டி, தண்ணீரில் முழுக அமிழ்த்துங்கள்; அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது, உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. தராசு காட்டும் கிராமைக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. முதல் எடையை இந்த எண்ணால் வகுங்கள். 730-ஐ 100-ஆல் வகுத்தால் 7.3: வெள்ளீயத்தின் அடர்த்தி. 90 என்று காட்டினால் 8.1: ஏறத்தாழக் கால் பங்குக்கும் மேல் காரீயம். சுத்தக் காரீயம் 11.3.

பத்து சதவீதத்துக்குக் கீழான கலப்பை இந்த முறை நம்பகமாகக் காட்டாது. ஆகவே 7.3 வந்தது நற்சான்று ஆகாது, 7.6-ஐத் தாண்டினால் சொம்பை அடுப்பங்கரையிலிருந்து எடுத்துவிடலாம்.

பளபளவென்று கண்ணைப் பறிக்கும் மஞ்சளிலும் லெட் குரோமேட் என்ற காரீயச் சாயப் பூச்சு இருக்கலாம்; வங்கதேசத்துக் கர்ப்பிணிகளின் இரத்தக் காரீயத்துக்கு மஞ்சள் ஒரு முக்கிய மூலம் என்று 2019-இல் உறுதியானது. சாயம் ஒட்டாத விரலி மஞ்சளைக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைப்பது பாதுகாப்பு. பழைய பெயிண்ட்டைச் சுரண்டி வீட்டுக்குப் புதுப் பூச்சு அடிக்கும் வேலையை வளைகாப்புக்கு முன் வைத்துக்கொள்பவர்கள், அந்த நாட்களில் கர்ப்பிணியை வேறு வீட்டில் வைக்க வேண்டும்.

இதில் பலர் அறியாதது எலும்பு. உள்ளே போன காரீயத்தின் பெரும்பகுதி எலும்பில் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து பத்தாண்டுகளுக்கும் மேல் உறங்கும். கருவின் எலும்புக்கும், பின்னர் பாலுக்கும் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது காரீயமும் எழுந்து வரும். சிறுவயதில் சேர்ந்தது, இருபத்தைந்தில் பிள்ளைக்குப் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14-ஆம் வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை நாளுக்கு இரண்டாகத் தரும் 500 மில்லிகிராம் கால்சிய மாத்திரையின் மதிப்பு இங்கேயும் இருக்கிறது. மெக்சிகோவில் நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்த கர்ப்பிணிகளின் இரத்தக் காரீயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. இரும்புச்சத்து குறைந்தால் குடல் காரீயத்தை அதிகமாக இழுக்கும். இரும்பு மாத்திரையும் அதனால் தேவை. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் கால்சியம் இரும்பைத் தடுத்துவிடும். இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

தண்ணீர்

நைட்ரேட் எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். உரம் அதிகம் இட்ட வயல், கழிப்பறைக் குழி இரண்டுக்கும் அருகிலுள்ள கிணறுகளில் இது தாண்டும். தாய் அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அவள் பாலில் நைட்ரேட் குவிவதில்லை. அதே தண்ணீரில் பவுடர் பால் கலந்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. 10 லிட்டர் 8 லிட்டராகச் சுண்டினால் 45 என்பது 56 ஆகிவிடும். காரீயம், ஆர்செனிக்குக்கும் இதே கணக்கு. ஆர்.ஓ. இவற்றைப் பெருமளவு நீக்கும்.

பாலைச் சோதிக்கலாமா

பணம் வாங்கிக்கொண்டு செய்து தர ஆய்வகம் இருக்கலாம். பலன் குறைவு. ஒரே தாயிடம் ஊட்டத் தொடங்கும்போது வரும் பாலில் கொழுப்பு குறைவு, முடியும்போது வருவதில் கூடுதல். எந்தத் துளியை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். பாட்டிலும் பம்பும் அசுத்தத்தைச் சேர்க்கும்.

சந்தேகத்துக்குக் காரணம் உண்மையில் இருந்தால் (பேட்டரி உருக்கும் பட்டறைக்கு அருகில் வீடு, உலோகப் பஸ்பம் சேர்ந்த மருந்து, மண் தின்னும் பழக்கம்) தாயின் இரத்தத்தில் காரீயம் பார்ப்பதே சரி. விரல்நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியும் சேரும் என்பதால் நரம்பில் எடுக்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டலில், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தால் மூலத்தைத் தேட வேண்டும், குழந்தையையும் பார்க்க வேண்டும். பாலை நிறுத்தி யோசிக்கச் சொல்வது 40-ஐத் தொட்டால்தான். பாதரசத்துக்கு இரத்தமோ தலைமுடியோ போதும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், வேரிலிருந்து 9 சென்டிமீட்டர் முடி கர்ப்ப காலம் முழுவதையும் மாதவாரியாகக் காட்டிவிடும்.

குறைமாதக் குழந்தைக்குத் தானப்பால் தேவைப்படும் இடங்களிலும் இதே சந்தேகம் வரும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் 2016 முதல் ‘அமுதம்’ என்ற தாய்ப்பால் வங்கி இயங்குகிறது. இப்படிப்பட்ட வங்கிகளில் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைப்பது கிருமிக்காக. உலோகமோ கொழுப்பில் கரைந்த மருந்தோ அந்தச் சூட்டில் போகாது. ஆனாலும் 1,200 கிராம் குழந்தைக்குக் குடல் அழுகல் நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பை எந்த டின் பாலும் அந்த அளவுக்குத் தருவதில்லை. தாயின் பால் போதாதபோது மருத்துவர்கள் டின்னை எடுக்காமல் தானப்பாலை எடுப்பது அதனால்தான்.